கைப்பிடிக்கு மேலே ஓர் இடம்

மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவனுடைய அவயவங்களில் சும்மா இருப்பது எது என்று பார்த்தால் ஒன்றும் தேறாது. வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முன் சக்கரத்தைப் பிடித்து நிறுத்தவும் வலது கை வேண்டியிருக்கிறது. இடது கை கிளச்சோடு கட்டுண்டு கிடக்கிறது. கால்களில் ஒன்று கியரையும் மற்றொன்று பின் பிரேக்கையும் கவனித்துக்கொள்கின்றன. காதுகளைக் காற்றும் எஞ்சினும் ஹெல்மெட்டும் பங்கு போட்டுக்கொண்டுவிடுகின்றன. மிச்சம் இருப்பவை இரண்டு கண்கள். அவையும் சாலைக்கென்றே ஏற்பட்டவை. ஆனால் அந்தக் கண்களை ஒரு விநாடி, அரை விநாடி கடன் வாங்கிக்கொள்வதற்காக, நூறு வருஷத்துக்கு மேலாகவே ஏதாவது ஒரு கருவி கைப்பிடிக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டே இருக்கிறது.

சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் ரோட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள். உதிரிப் பாகக் கடைகளில் செல்போன் ஹோல்டர்கள் சரம் சரமாகத் தொங்கும். நண்டுக் கொடுக்கு மாதிரி நாலு பக்கமும் பிடிப்பது ஒன்று, கண்ணாடித் தண்டில் மாட்டுவது ஒன்று, மழைக்குப் பயந்து உறை போட்டுக்கொண்டது ஒன்று. "எதுண்ணே நல்லா இருக்கும்?" என்று பையன்கள் கேட்கிறார்கள். கடைக்காரர் உடனே விலையைச் சொல்லிவிடுகிறாரா, அல்லது "வண்டி என்ன தம்பி?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுச் சொல்கிறாரா என்பதைக் கொண்டே அவர் எப்படிப்பட்ட வியாபாரி என்று தெரிந்துகொண்டுவிடலாம். ஏனென்றால் இந்தச் சின்ன விஷயத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது. அதைக் கேட்டவர் கடையில் கொஞ்சம் வேறு மாதிரி பேரம் பேசுவார்.

முதல் மோட்டார் சைக்கிளில் பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஜெர்மனியில் கான்ஷ்டாட் என்ற ஊரில் காட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் 1885-ல் செய்த வண்டி அது. மரத்தினால் ஆன சட்டம்; குதிரைச் சேணம் மாதிரி ஓர் ஆசனம். டைம்லரின் மகன் பால் அதில் ஏறிப் போனபோது, ஆசனத்துக்கு அடியில் பழுக்கக் காய்ந்துகொண்டிருந்த குழாய் ஆசனத்தையே பற்ற வைத்துவிட்டதாகச் சொல்வார்கள். அந்த நிலையில் இருப்பவனுக்கு வேகம் எவ்வளவு என்று காட்டும் முள் எதற்கு?

முள் வந்தது 1902-ல். ஒட்டோ ஷூல்ட்ஸே என்ற ஜெர்மன் எஞ்சினீயர் அதற்குக் காப்புரிமை வாங்கினார். சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு கம்பி, ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தின் மேல் தொடாமல் கவிழ்ந்து நிற்கும் உலோகக் கிண்ணம் அந்தச் சுழற்சிக்கு இழுபட்டுத் தானும் திரும்பப் பார்க்கிறது. மெல்லிய சுருள்வில் ஒன்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. இந்த இரண்டு இழுப்புக்கும் நடுவே முள் எங்கே நிற்கிறதோ அதுதான் வேகம். அடுத்த வருஷமே இங்கிலாந்தில் ஒரு சட்டம் போட்டு, மோட்டார் வண்டிகள் மணிக்கு 20 மைலுக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். போலீஸ்காரர்கள் வேலியோரத்தில் கடிகாரத்தோடு காத்திருந்து பிடித்தார்கள். அப்படியிருக்க, தன் வேகம் தனக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற ஆசை வண்டிக்காரர்களுக்கு உண்டானதில் ஆச்சரியம் இல்லை. லண்டனில் கடிகாரமும் நகையும் விற்றுக்கொண்டிருந்த ஸ்மித் குடும்பத்தார் வேகமானி செய்யத் தொடங்கினார்கள்.

ஆனால் காரில் ஒழுங்காக நிற்கும் முள், மோட்டார் சைக்கிளில் ஏறினால் கூத்தாடுகிறது. ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலே போய்க் கீழே வரும் ஒவ்வொரு தடவையும் வண்டியை ஓர் உதை உதைக்கிறது. நிமிஷத்துக்கு 3,000 சுற்று என்றால் விநாடிக்கு 50 உதை. அது சட்டத்தின் வழியாக, கைப்பிடியின் வழியாக, உள்ளங்கையில் வந்து மரத்துப்போக வைக்கிறது. உள்ளங்கைக்கே அந்தக் கதி என்றால் தலைமயிர் கனமுள்ள சுருள்வில்லுக்கு என்ன கதி? ஸ்மித் கம்பெனியார் இதற்குக் கடிகாரக்காரர்களுக்கே தோன்றக்கூடிய ஒரு வழியைக் கைக்கொண்டார்கள். 'க்ரோனோமெட்ரிக்' என்று அதற்குப் பெயர். உள்ளே ஒரு கடிகார யந்திரம் டிக் டிக் என்று ஓடும். ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு ஒரு தடவை, கம்பி எத்தனை சுற்றுச் சுற்றியது என்று எண்ணி, முள்ளை அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பூட்டிவிடும். பிறகு அடுத்த எண்ணிக்கை. அதனால் முள் வழுக்கிக்கொண்டு போகாமல், மாடிப்படி ஏறுகிறவனைப் போல் எட்டு வைத்துத்தான் ஏறும். உதைக்கு அசையாது. 1960-களின் நடுப்பகுதி வரையில் ட்ரையம்ஃப், பி.எஸ்.ஏ. போன்ற பிரிட்டிஷ் வண்டிகளில் இதுதான் இருந்தது.

கருவி நிலைத்தது. அதை எங்கே வைப்பது என்பது மாத்திரம் நிலைக்கவில்லை. 1930-களில் பெட்ரோல் டாங்கின் தலையில் பலகை பதித்து அதிலே முட்களையும் சுவிட்சுகளையும் வைப்பது ஒரு மோஸ்தராக இருந்தது. அமெரிக்காவில் ஹார்லி டேவிட்ஸன் 1936-ல் கொண்டுவந்த பெரிய வண்டியில் வேகமானி டாங்கின் நடுவேதான். பார்க்க வெகு லட்சணம். ஆனால் ஓட்டுகிறவன் அதைப் பார்க்க வேண்டுமானால் மோவாய் மார்பில் படுகிற அளவுக்குத் தலை குனிய வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 16 மீட்டருக்கு மேல் வண்டி ஓடிவிடுகிறது. குனிந்து, முள்ளைத் தேடி, எண்ணைப் படித்து, மறுபடி நிமிர்ந்து சாலையைக் கண்டுபிடிக்க இரண்டு விநாடி என்று வைத்துக்கொண்டால், 33 மீட்டர் தூரம் அந்த வண்டியை யாரும் ஓட்டவில்லை என்று அர்த்தம். 33 மீட்டரில் ஒரு மாடு குறுக்கே வரலாம். ஒரு பள்ளிக்கூடத்துக் குழந்தையும் வரலாம். 1937-ல் புது வண்டிகளுக்கெல்லாம் வேகமானி கட்டாயம் என்று பிரிட்டிஷ் சர்க்கார் உத்தரவு போட்டுவிட்டது. ஆக, வேகத்தைக் காட்டும் முள்ளைப் பார்ப்பதற்காகச் சாலையைப் பார்க்காமல் இருக்க வேண்டிய தருணங்கள் சட்டபூர்வமாகவே ஏற்பட்டுவிட்டன.

வழி காட்டும் கருவியின் கதை இதற்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அமெரிக்காவில் 1909-ல் ஜோன்ஸ் என்பவர் கார்களுக்காக ஒரு வட்டத் தகடு விற்றார். சக்கரத்தோடு இணைத்துவிட்டால் தகடு தானாகவே திரும்பி, 'இங்கே இடது பக்கம் போ, அங்கே பாலம்' என்று அச்சிட்ட வரிகளைக் காட்டிக்கொண்டு வரும். ஒரு தகட்டின் ஆயுள் சுமார் 100 மைல். அதற்குமேல் போகிறவன் இறங்கி வேறு தகடு போட வேண்டும். இங்கிலாந்தில் 1920-களில் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் கடிகாரம் போன்ற ஒரு சாமானில், இரண்டு சின்ன உருளைகளில் சுற்றிய காகிதச் சுருளாக சாலை வரைபடம் வந்தது. இவற்றையெல்லாம் பார்க்கும்போது, நம்முடைய செல்போன் அவ்வளவு புதிய பிராணி அல்ல என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் கருவி எதுவுமே இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்று காட்டியவர்கள் இரண்டு பெண்கள். தெரஸா வாலக், ஃப்ளோரன்ஸ் ப்ளெங்கிரன். 1934-ம் வருஷம் டிசம்பர் 11-ந் தேதி லண்டனிலிருந்து ஒரு 600 சி.சி. பாந்தர் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். பக்கத்தில் ஒரு சைட்கார். பின்னால் ஓர் இழுவை வண்டி. சகாரா பாலைவனத்தைக் குறுக்கே கடந்து, ஆப்பிரிக்காவின் தெற்கு முனையில் உள்ள கேப் டவுனுக்கு 1935 ஜூலை 29-ந் தேதி போய்ச் சேர்ந்தார்கள். ஏழரை மாதம். வழித்துணைக்கு வேறு வண்டி கிடையாது. திசை காட்டும் கருவி ஒன்றுகூட எடுத்துப் போகவில்லை! இந்த மாதிரி ஒரு கதையை நான் எழுதிக் கொடுத்தால், 'கொஞ்சம் நம்பும்படியாக எழுதுங்கள்' என்று பத்திரிகை ஆசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார். மணலில் ஓட்டுகிறவளுக்குக் கண்ணை எடுக்க நேரம் ஏது? சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டு, இறங்கி, நின்று பார்த்து, யோசித்துப் போவதுதான் அங்கே வழி.

அந்த வாலக்கே யுத்தம் வந்ததும் ராணுவத்தில் சேர்ந்து, மோட்டார் சைக்கிளில் கடிதமும் உத்தரவும் கொண்டுபோகும் வேலை பார்த்தார். அது எப்பேர்ப்பட்ட வேலை என்பதை நம்மால் முழுவதும் கற்பனை செய்ய முடியாது. 1940-ல் ஜெர்மானியர் வந்து இறங்கிவிட்டால் அவர்களுக்கு வழி தெரியக்கூடாதென்று, இங்கிலாந்து முழுவதும் சாலையோரத்துக் கைகாட்டிப் பலகைகளைப் பிடுங்கிவிட்டார்கள். இரவில் விளக்குக்கு மூடி. வெளிச்சம் ஒரு கீற்றுத்தான் விழும். எதிரிக்கு வழி தெரியாமற் போனதோ இல்லையோ, சொந்த ராணுவத்தின் தூதர்களுக்குத் தெரியாமற் போனது நிச்சயம். வரைபடத்தை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்ப வேண்டும்; மறந்தால் நிறுத்தித்தான் பார்க்க வேண்டும்.

யுத்தம் முடிந்த பிறகு டாங்கின் மேல் கிடந்த முட்களை முகத்துக்கு எதிரே கொண்டுவரும் காரியம் ஒரு வழியாக நடந்தது. 1949-ல் ட்ரையம்ஃப் கம்பெனியார் முன் விளக்கு, வேகமானி, ஆம்மீட்டர் எல்லாவற்றையும் ஒரே கூட்டுக்குள் அடக்கினார்கள். 1954-ல் ராயல் என்ஃபீல்டுக்காரர்கள் அதே யோசனையை, இரண்டு பக்கமும் பூனைக்கண் மாதிரிச் சின்ன விளக்கு வைத்து, இன்னும் அழகாகச் செய்தார்கள். இங்கேதான் கதை நம் ஊருக்கு வருகிறது. இந்திய ராணுவம் எல்லைக் காவலுக்கு புல்லட் வண்டிகள் வேண்டுமென்று கேட்க, ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா ஸ்தாபனத்தைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை எழும்பியது. ரெட்டிச் தொழிற்சாலை 1967-ல் மூடப்பட்டுவிட்டது. இங்கிலாந்தில் கம்பெனியே 1970-ல் முடிந்துபோயிற்று. பூனைக்கண் விளக்கு வைத்த அந்தக் கூடு மாத்திரம் திருவொற்றியூரில் பல வருஷங்கள் வார்க்கப்பட்டுக்கொண்டே இருந்தது.

அந்தக் கூட்டில் வேகமானிக்குப் பக்கத்தில் இருந்த ஆம்மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய புல்லட் வைத்திருந்தவர்களுக்கு அது பாட்டரியைப் பற்றிச் சொல்லும் கருவி மாத்திரம் அல்ல. வண்டியை உதைத்துக் கிளப்புவதற்கு முன்னால், உதைப்பானை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே முள்ளைப் பார்ப்பார்கள். ஒரு பக்கம் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வந்ததென்றால், பிஸ்டன் சரியான இடத்துக்கு வந்திருக்கிறது என்று பொருள். அப்புறம் டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் இறக்கி, விட்டு, ஓர் உதை. வண்டி கிளம்பும். இதைக் கவனிக்காமல் உதைத்தவர்களுடைய கணுக்கால்கள் பட்ட பாடு தனிக் கதை. அந்த முள் வண்டி நின்றுகொண்டிருக்கும்போது பார்க்க வேண்டியது. பக்கத்தில் உள்ள வேகமானி ஓடும்போது பார்க்க வேண்டியது. ஒரே கூட்டுக்குள் இருந்தாலும் இரண்டுக்கும் வேலை வேறு. ஹோல்டர் வாங்கப் போகிறவர் முதலில் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான் என்பது என் அபிப்பிராயம்: இந்த செல்போனை நான் எப்போது பார்க்கப் போகிறேன்? நின்றா, ஓடிக்கொண்டா?

ஓடிக்கொண்டேதான் பார்த்தாக வேண்டும் என்ற நிலைமை உள்ளவர்களும் இருக்கிறார்கள். தியரி சபீன் என்ற பிரெஞ்சுக்காரர் 1977-ல் ஒரு பந்தயத்தின்போது மோட்டார் சைக்கிளோடு பாலைவனத்தில் வழி தப்பிப் போனார். பிழைத்து வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். பாரிஸிலிருந்து டக்கார் வரை பந்தயம் நடத்தக் கிளம்பிவிட்டார்! 1978 டிசம்பர் 26-ந் தேதி முதல் பந்தயம் புறப்பட்டது. இந்த மாதிரிப் பந்தயங்களில் ஓட்டுகிறவர்களுக்கு வழிக்குறிப்பு நீளக் காகிதச் சுருளில் இருக்கும். அதைப் பெட்டியில் போட்டுக் கைப்பிடியில் பூட்டுவார்கள். ஆரம்பத்தில் திருகைக் கையால் திருகினார்கள். பிறகு கைப்பிடியை விடாமலே கட்டை விரலால் பொத்தானை அழுத்தினால் சுருள் நகரும்படி மோட்டார் வைத்தார்கள். அதைவிட முக்கியம் பெட்டியின் உயரம். கைப்பிடிக்கு மேலே கோபுரம் கட்டி, சாலையைப் பார்க்கும் பார்வைக்கு வெகு அருகில் ஏற்றிவிட்டார்கள். கண் இமை கொஞ்சம் தாழ்ந்தால் போதும். தலை குனிய வேண்டியதில்லை. டாங்கின் மேல் வேகமானி வைத்தவர்களுக்கு விளங்காதது, மணலில் விழுந்து எழுந்தவர்களுக்கு விளங்கியது.

வானத்திலிருந்து வழி காட்டும் ஜி.பி.எஸ். ஏற்பாட்டில், சாமானியர்களுக்குக் கிடைக்கும் துல்லியத்தை அமெரிக்க சர்க்கார் வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. 2000-ம் வருஷம் மே மாதத் தொடக்கத்தில் அந்தத் தடையை நீக்கினார்கள். அதன் பிறகு மோட்டார் சைக்கிளுக்கென்றே மழைக்கும் கையுறைக்கும் ஏற்ற வழிகாட்டிக் கருவிகள் கடைக்கு வந்தன. அவற்றைப் பிடித்து நிறுத்த, சியாட்டல் நகரத்துக் கம்பெனி ஒன்றின் ரப்பர் உருண்டைப் பூட்டுப் பிரபலமாயிற்று. உருண்டையை இரண்டு பக்கமும் கவ்வி ஒரு திருகை முறுக்கினால் எந்தக் கோணத்திலும் நிற்கும். ரப்பர் என்பதால் உதையில் கொஞ்சத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். இந்த ரப்பர் யோசனை பழசுதான். காந்த வேகமானிகள் திரும்பி வந்தபோது ஸ்மித் கம்பெனியார் அவற்றை ரப்பர்க் கிண்ணத்தில் உட்கார வைத்தார்கள். நார்ட்டன் கம்பெனி 1967-ல் காட்டிய கமாண்டோ வண்டியில் எஞ்சினையே ரப்பரில் தொங்கவிட்டார்கள்.

செல்போனுக்கு இந்த உதை இன்னும் பொல்லாதது. இப்போதைய நல்ல செல்போன்களின் காமிராவில் லென்ஸ் ஆடாமல் அசையாமல் ஒட்டி வைக்கப்பட்டிருப்பதில்லை. படம் எடுக்கிறவர் கை நடுங்கினால் அதற்கு எதிர்த் திசையில் நகர்ந்து கொடுப்பதற்காக, காந்தங்களுக்கு நடுவே மிதந்துகொண்டிருக்கிறது. கை நடுக்கத்துக்கென்று செய்த ஏற்பாட்டை 350 சி.சி. எஞ்சினின் உதைக்கு எதிரே நிறுத்தினால் என்ன ஆகும்? 2021 செப்டம்பரில் ஆப்பிள் கம்பெனியே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது: பெரிய எஞ்சின் உள்ள மோட்டார் சைக்கிளில் ஐபோனை மாட்டாதீர்கள், சின்ன வண்டியானாலும் அதிர்வு தாங்கும் அமைப்போடு மாட்டுங்கள், அப்போதும் நெடுநேரம் வேண்டாம். தன் சாமானை இன்ன இடத்தில் வைக்காதே என்று வியாபாரியே சொல்வது அபூர்வம். கேட்டுக்கொள்ளலாம்.

ஆகவே வாங்குகிறவருக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான். ஒற்றை சிலிண்டர் வண்டி என்றால், ரப்பரோ சிலிகானோ நடுவில் உள்ள ஹோல்டரைத் தவிர மற்றதைத் தொடாதீர்கள். விலை இரண்டு மடங்காக இருக்கும். காமிரா அதைவிட எத்தனையோ மடங்கு விலை. கைப்பிடியின் ஓரத்தைவிட நடுத்தண்டுக்கு அருகில் ஆட்டம் குறைவு. கண்ணாடித் தண்டில் மாட்டினால் கண்ணாடியும் சேர்ந்து நடுங்கி, பின்னால் வரும் லாரி இரண்டு லாரியாகத் தெரியும். மாட்டிய பிறகு கைப்பிடியை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, எந்தக் கேபிளும் மாட்டிக்கொள்ளவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். வேகமானியை மறைக்கக்கூடாது. ஐபோனை 35 டிகிரிக்கு மேல் உபயோகிக்க வேண்டாம் என்று அதைச் செய்தவர்கள் சொல்கிறார்கள். நம் சித்திரை வெயிலில் நிறுத்தின வண்டியில் விட்டுவிட்டுப் போனால் அந்தக் கணக்கெல்லாம் எங்கே நிற்கும்?

சட்டமும் இதில் வாயைத் திறந்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2020-ல் ஒரு திருத்தம் செய்தார்கள். ஓட்டும்போது செல்போனை வழி பார்ப்பதற்காக மாத்திரம், அதுவும் கவனம் சிதறாத விதத்தில், உபயோகிக்கலாம். சொல்வது எளிது. உணவுப் பொட்டலம் கொண்டுபோகும் பையனுக்கு அதே திரையில்தான் வழி வருகிறது, அடுத்த உத்தரவு வருகிறது, வாடிக்கைக்காரர் கோபமும் வருகிறது. 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இரண்டு சக்கர வண்டிகளில் போனவர்கள். அவர்களில் எத்தனை பேர் அந்த விநாடியில் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று எந்தக் கணக்கிலும் வராது.

2020 நவம்பரில் ராயல் என்ஃபீல்டுக்காரர்கள் மீட்டியர் 350 என்ற வண்டியில், வேகமானிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன வட்டத்தை வைத்தார்கள். ஆம்மீட்டர் இருந்த பழைய கூட்டை அது எனக்கு ஞாபகப்படுத்துகிறது. செல்போன் சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும். வட்டத்தில் ஓர் அம்புக்குறியும் தூரமும் மாத்திரம் தெரியும். தெருப் பெயர் இல்லை, ஹோட்டல் படம் இல்லை. இது எனக்குப் பிடித்திருந்தது. வாங்கினவர்களில் பலருக்கு இது போதவில்லை போலிருக்கிறது. 2023-ல் அதே கம்பெனியின் புது ஹிமாலயன் வண்டியில் அந்த வட்டம் பெரிதாகி, முழு வரைபடமும் அதற்குள் வந்துவிட்டது.